புண் ஆறும்வரை எண்ணெய் ஆகாதா?

கேட்டவருடைய அம்மாவுக்கு 61 வயது, 55 கிலோ எடை, நீண்ட நாளாகச் சர்க்கரை. பாதத்தில் வந்த கட்டியைக் கீறி எடுத்த இடம் புண்ணாக இருக்கிறது. சீழ் பிடிக்கும் என்று சொல்லி, வீட்டுப் பெரியவர்கள் எண்ணெய், தேங்காய், மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். காலையிலும் இரவிலும் இட்லி, மதியம் ரசம் சாதம், இடையில் கொஞ்சம் பால். இட்லிப் பொடியைக்கூடத் தண்ணீரில்தான் குழைக்கிறார்கள். இன்னொரு பக்கம் வெளிநாட்டில் இருக்கும் தம்பி மீன் எண்ணெய் மாத்திரை டப்பா ஒன்றை அனுப்பி, 'வீக்கத்தைக் குறைக்கும், புண் சீக்கிரம் ஆறும்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, எண்ணெய் கொடுக்கலாம் என்றால் எந்த எண்ணெய்? இதுதான் கேள்வி.

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். எண்ணெயை நிறுத்தினால் புண்ணுக்கு நல்லது எதுவும் நடக்காது, கெடுதல் நடக்கலாம். மாத்திரையைப் புண்ணுக்கு மருந்து என்று நினைத்துக் கொடுப்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எலியில் பார்த்ததையும் மனிதரில் பார்த்ததையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறவர்கள் இந்த விஷயத்தில் அதிகம்.

கொழுப்பே இல்லாமல் சாப்பிட்டால் தோல் என்ன ஆகும் என்பதை முதலில் காட்டியவர்கள் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்கள். 1929-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், எலிக்குட்டிகளுக்குச் சர்க்கரை, பால் புரதம், உப்புகள், வைட்டமின்கள் எல்லாம் கொடுத்து, கொழுப்பை மட்டும் சுத்தமாக நீக்கினார்கள். சில மாதங்களில் தோல் செதில் செதிலாக உரிந்தது, வால் புண்ணாகி நுனி கறுத்தது, வளர்ச்சி நின்றது. எலிகள் தண்ணீரை அதிகமாகக் குடித்தன, ஆனால் அந்த அளவுக்குச் சிறுநீர் போகவில்லை. உடம்பில் இருந்த ஈரம் தோல் வழியாகவே வெளியேறிக்கொண்டிருந்தது என்பது பின்னால் புரிந்தது. உணவில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை மிகச் சிறிய அளவு சேர்த்ததும் எலிகள் தேறின. உடம்பு தானாகத் தயாரிக்க முடியாத, சாப்பாட்டில் இருந்தே வந்தாக வேண்டிய கொழுப்பு அமிலம் ஒன்று உண்டு என்பது அப்போதுதான் தெரியவந்தது.

தோலின் மேலடுக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். அங்கே இருக்கும் இறந்த செல்களுக்கு நடுவில் செராமைடு என்ற ஒரு வகைக் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் அடுக்கடுக்காகப் படிந்து நீர் கசியாத ஒரு பூச்சாக நிற்கின்றன. அந்தச் செராமைடுகளில் முக்கியமான ஒரு வகைக்கு லினோலிக் அமிலம் கட்டாயம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் உடம்பு அந்த இடத்தில் ஒலியிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பு அமிலத்தை வைத்துச் சமாளிக்கும். பூச்சு இருப்பது போலத்தான் இருக்கும், ஆனால் ஈரம் கசியும். ஒரு புண் மூடுவது என்றால் இந்தப் பூச்சையும் புதிதாகப் போட்டு முடிப்பது என்று அர்த்தம். மேலே தோல் வந்துவிட்டது போலத் தெரிந்தாலும் பூச்சு சரியாக அமையாதவரை அந்த இடம் காய்ந்து வெடிக்கும், கிருமிக்கும் வழிவிடும்.

இதெல்லாம் எலிக்கு. மனிதருக்கு? 1938-இல் பர் குழுவினர் வில்லியம் பிரவுன் என்ற தங்கள் சக ஆய்வாளரையே ஆறு மாதம் கிட்டத்தட்டக் கொழுப்பில்லாத உணவில் வைத்துப் பார்த்தார்கள். அவருக்குத் தோல் உரியவில்லை, புண் வரவில்லை. பல வருடமாக இருந்த ஒற்றைத் தலைவலி போய்விட்டது என்று வேறு சொன்னார். உடனே, பெரியவர்களுக்கு இந்தக் கொழுப்பு தேவையே இல்லை போலிருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அந்த முடிவு தவறு. வளர்ந்த மனிதரின் உடம்புக் கொழுப்பிலேயே மாதக்கணக்கில் தாங்கும் அளவுக்கு லினோலிக் அமிலம் சேமிப்பாக இருக்கிறது. கைக்குழந்தைக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. அதனால்தான் லினோலிக் அமிலம் குறைந்த பால் கலவையைக் குடித்த குழந்தைகளுக்குத் தோல் உலர்ந்து தடித்து உரிந்தது. ஆரில்டு ஹேன்சன் 428 குழந்தைகளை வைத்துச் செய்து 1963-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது.

பெரியவர்களுக்கும் குறைபாடு வரும் என்பதை நிரூபித்தது ஆய்வுக்கூடம் இல்லை, மருத்துவமனை வார்டு. 1960-களின் கடைசியில், குடல் வேலை செய்யாத நோயாளிகளுக்கு முழு உணவையும் ரத்தக் குழாய் வழியாகவே ஏற்றும் முறை வந்தது. ஸ்வீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயையும் முட்டைக் கருவின் பாஸ்போலிப்பிடையும் சேர்த்து உருவாக்கிய கொழுப்புப் பால்மம் 1960-களின் தொடக்கத்திலேயே அங்கே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் நிலைமை வேறு. முன்பு இருந்த பருத்திக்கொட்டை எண்ணெய்ப் பால்மம் பக்கவிளைவுகளால் நிறுத்தப்பட்டிருந்தது, ஸ்வீடன் மருந்துக்கு 1975 வரை அனுமதி கிடைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் அங்கே குளுக்கோஸும் அமினோ அமிலமும் மட்டும் ஏறின. சில வாரங்களிலேயே நோயாளிகளுக்குத் தோல் செதிலாக உரிந்தது, முடி கொட்டியது, அறுவை செய்த புண்கள் ஆறாமல் நின்றன.

பிரவுனுக்கு ஆறு மாதத்தில் வராத குறைபாடு இவர்களுக்குச் சில வாரத்தில் எப்படி வந்தது? எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. இரவு பகலாகக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருந்தால் இன்சுலினும் இறங்காமல் உயர்ந்தே இருக்கும். இன்சுலின் உயர்ந்திருக்கும்வரை உடம்புக் கொழுப்பு கரையாது. அதாவது சேமிப்பு இருக்கிறது, ஆனால் வெளியே எடுக்க முடியாது. பிரவுன் மூன்று வேளை சாப்பிட்டு இரவில் தூங்கினார், அந்த இடைவெளிகளில் அவருடைய சேமிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தது.

1974-இல் பிரிட்டனில் இன்னொரு வேடிக்கையான முடிவு கிடைத்தது. இந்தக் குறைபாடு வந்த நோயாளிகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெயைத் தேய்த்தார்கள், குறைபாடு சரியானது. தோல் அந்த எண்ணெயை உறிஞ்சி உடம்புக்குக் கொடுத்தது. டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது மருத்துவமனையில் தொற்றும் ரத்தக் கிருமிகள் குறைந்தன என்று 2005-இல் வந்த ஆய்வும் இதே வரிசையில் வருவதுதான். அது பிறந்த சில நாளே ஆன, தோல் இன்னும் முற்றாத குழந்தைகளின் விஷயம். அதைப் பார்த்துவிட்டு உங்கள் அம்மாவின் புண்ணுக்குள் எண்ணெய் விடக் கூடாது.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். சில வாரப் பத்தியத்தில் அவருக்கு லினோலிக் அமிலக் குறைபாடு வந்திருக்குமா? அநேகமாக இல்லை. 55 கிலோ எடை உள்ளவருக்குச் சேமிப்பு இருக்கும், அவர் இரவில் தூங்கவும் செய்கிறார். அந்தப் பயத்தை நான் உங்களுக்கு ஏற்ற மாட்டேன். பத்தியத்தில் நான் பார்க்கும் ஆபத்து வேறு. அந்தத் தட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, இரவில் மூன்று இட்லி, மதியம் ஒரு கிண்ணம் ரசம் சாதம், அரை டம்ளர் பால். எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் 800 கலோரியைத் தாண்டுவது கஷ்டம். புரதம் 25 கிராமுக்கு மேல் வராது. படுக்கைப் புண் வந்து, சத்தும் குறைந்துபோன பெரியவர்களுக்கு 2019-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்கிறது. பாதப் புண்ணுக்கும் பொதுவாக அதையொட்டித்தான் கணக்குப் போடுகிறோம். 55 கிலோவுக்கு அது 1,650 முதல் 1,925 கலோரி, 66 முதல் 82 கிராம் புரதம். தேவையில் பாதிகூட உள்ளே போகவில்லை.

கலோரி போதாதபோது உடம்பு சும்மா இருக்காது. கிடைக்கிற கொஞ்சப் புரதத்தையும் எரிபொருளாக எரிக்கும், அது போதாவிட்டால் தசையைக் கரைக்கும். புண்ணில் கொலாஜன் என்ற புரத நாரை நெய்ய வேண்டிய அமினோ அமிலங்கள் அங்கேதான் காணாமல் போகின்றன. எண்ணெயின் முதல் வேலை இங்கேதான் இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. பசியே இல்லாத வயதானவரின் சின்னத் தட்டில், அளவைக் கூட்டாமல் கலோரியைக் கூட்ட வேறு வழி கிடையாது. நாலு டீஸ்பூன் எண்ணெய் சுமார் 160 கலோரி தரும். அதே கலோரிக்கு இன்னும் மூன்று இட்லி ஊட்ட வேண்டும், கூடவே சர்க்கரையும் ஏறும். சர்க்கரை நோயாளியின் புண்ணுக்குச் சர்க்கரை ஏறுவதுதான் கெடுதலே தவிர, தாளித்த எண்ணெய் இல்லை. இன்னொன்று, வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்துதான் குடலில் சரியாக உறிஞ்சப்படும். எண்ணெயே இல்லாமல் வேகவைத்த கீரை கேரட்டில் இருந்து வைட்டமின் ஏ சொற்பமாகத்தான் கிடைக்கும். புது தோல் வளர வைட்டமின் ஏ தேவை.

எண்ணெய் சீழை உண்டாக்குமா? சீழ் என்பது கிருமியோடு மோதி இறந்த வெள்ளை அணுக்கள், கிருமிகள், சிதைந்த திசு எல்லாம் சேர்ந்த குழம்பு. கிருமி புண் வழியாக வருகிறது, வாணலி வழியாக வருவதில்லை. முட்டை, மீனுக்கும் இதே பதில்தான். ஒருவருக்கு அவற்றில் ஒவ்வாமை இருந்து, முன்பு தடிப்போ அரிப்போ வந்திருந்தால் மட்டும் தவிர்க்க வேண்டும். பெரியவர்கள் இந்தப் பத்தியத்தைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் பழைய மீனும் சிக்குப் பிடித்த எண்ணெயும் படுத்தவருக்கு வயிற்றைக் கெடுத்திருக்கும், அந்த எச்சரிக்கைக்கு அப்போது காரணம் இருந்திருக்கலாம். இன்றைக்கு அது தேவைப்படாத இடத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இனி தம்பியின் மாத்திரை. அவர் சொல்வதில் பாதி உண்மை, அதனால்தான் பதில் சொல்லக் கடினமாக இருக்கிறது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அழற்சியை, அதாவது அந்த வீக்கத்தையும் சிவப்பையும், தணிக்கும் என்பது சரி. ஆனால் புண் ஆறுவதே அழற்சியில்தான் தொடங்குகிறது. அடிபட்ட உடனே ரத்தம் உறைய வேண்டும். செல் சுவரில் இருக்கும் ஒமேகா-6 வகை அராக்கிடோனிக் அமிலத்தில் இருந்து வரும் த்ராம்பாக்சேன் அதற்கு உதவுகிறது. அடுத்து அதே அமிலத்தில் இருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின்களும் லியூக்கோட்ரையீன்களும் ரத்தக் குழாயை விரித்து வெள்ளை அணுக்களை அந்த இடத்துக்கு அழைக்கின்றன. முதலில் வரும் நியூட்ரோஃபில் கிருமியைக் கொல்லும். பின்னால் வரும் மேக்ரோஃபேஜ் குப்பையை அள்ளும், புது ரத்தக் குழாயும் புது சதையும் வளரச் சமிக்ஞை கொடுக்கும். இந்தக் கட்டம் நடக்கவில்லை என்றால் அடுத்த கட்டம் தொடங்காது.

அதே சமயம் அழற்சி நேரத்தோடு முடியவும் வேண்டும். அது தானாக அடங்கிவிடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சார்லஸ் செர்ஹானின் குழு 2000-க்குப் பிறகு காட்டியது வேறு. அழற்சியை முடித்துவைக்கத் தனியாகச் சில வேதிப்பொருள்கள் உற்பத்தியாகின்றன. அவற்றில் ரிசால்வின் என்று பெயரிடப்பட்டவை மீனில் உள்ள ஈபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 அமிலங்களில் இருந்து வருகின்றன. தொடக்கத்தில் அழைப்பு விடுத்த செல்களே சில மணி நேரம் கழித்து நிறுத்தச் சொல்லும் பொருள்களைத் தயாரிக்க மாறுகின்றன. ஆக, ஒமேகா-6 கெட்டது, ஒமேகா-3 நல்லது என்று யூடியூபில் பிரித்துப் பேசுவது புண்ணைப் பொறுத்தவரை அர்த்தமில்லாத பேச்சு. தொடங்க ஒன்று, முடிக்க இன்னொன்று. கருத்தளவில் பார்த்தால் மீன் எண்ணெய் இரண்டு திசையிலும் இழுக்கக்கூடியது: தொடங்குவதை மந்தமாக்கலாம், முடிப்பதை வேகப்படுத்தலாம்.

நடைமுறையில் என்ன ஆனது? 1993-இல் வெளியான ஓர் ஆய்வில் மீன் எண்ணெய் அதிகமாகக் கொடுக்கப்பட்ட எலிகளின் புண்களை, சோள எண்ணெய் சாப்பிட்ட எலிகளோடு ஒப்பிட்டார்கள். 30 நாள் கழித்துப் பார்த்தபோது மீன் எண்ணெய் எலிகளின் தழும்பு இழுவையை அவ்வளவாகத் தாங்கவில்லை. கொலாஜனின் அளவு குறையவில்லை, அது பின்னப்பட்ட விதத்தில்தான் ஏதோ மாற்றம். இத்தனைக்கும் சாதாரணமாக ஆறும் தழும்புகூட அசல் தோலின் பலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் எட்டாது, அதற்கும் சில மாதம் ஆகும். மனிதரில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோடி மெக்டேனியல் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆரோக்கியமான 30 பேர், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நான்கு வாரம் தினமும் ஈபிஏ 1.6 கிராம், டிஹெச்ஏ 1.1 கிராம். அப்புறம் முன்கையில் சின்னக் கொப்புளங்களை உண்டாக்கி, அதிலிருந்த திரவத்தைச் சோதித்தார்கள். அழற்சிச் சமிக்ஞை குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞை கூடியிருந்தது. புண் மூட ஆன நாட்கள் குறையவில்லை.

சின்ன ஆய்வுதான், ஆரோக்கியமானவர்களின் கொப்புளம் ஒரு சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணும் ஆகாது. சர்க்கரைப் புண்ணில் பிரச்சினையே அழற்சி முடியாமல் நின்றுபோவதுதான் என்பதால், அங்கே ஒமேகா-3 உதவலாம் என்ற எதிர்பார்ப்பில் நியாயம் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்கு ஈபிஏவும் வேறு சத்துகளும் சேர்ந்த குழாய் உணவு கொடுத்தபோது புதிய படுக்கைப் புண்கள் குறைந்தன என்று இஸ்ரேலில் இருந்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கலவையில் வைட்டமின் ஏ, சி, ஈ எல்லாம் இருந்தன. பெருமை யாருக்குப் போக வேண்டும் என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் முடிவு இதுதான்: வேறு காரணத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பிடட்டும், புண்ணுக்கென்று தனியாக வாங்க வேண்டாம். அளவையும் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண 1,000 மில்லிகிராம் மாத்திரையில் ஈபிஏவும் டிஹெச்ஏவும் சேர்ந்து 300 மில்லிகிராம் அளவுதான் இருக்கும், மீதியெல்லாம் வேறு கொழுப்பு. ஒஹையோ கொப்புள ஆய்வில் கொடுத்த அளவை எட்ட ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை விழுங்க வேண்டும்.

அந்தக் காசுக்கு மத்தி வாங்குங்கள். 100 கிராம் மத்தியில் சுமார் 1 கிராம் ஒமேகா-3 கிடைக்கும், பருவத்தைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். கூடவே கிட்டத்தட்ட 20 கிராம் புரதம். புண்ணுக்கு அந்தப் புரதம்தான் முக்கியம், ஒமேகா-3 அதோடு வருகிற கொசுறு. குழம்பில் போட்டாலே போதும், பொரிக்க வேண்டியதில்லை. கானாங்கெளுத்தியும் நல்லதே. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வைத்துக்கொள்ளலாம். முட்டை தினமும் ஒன்றாவது. மஞ்சள் கருவை எடுத்துவிட்டுக் கொடுக்கிறார்கள் சிலர், வைட்டமின் ஏ அதில்தான் இருக்கிறது. சைவம் என்றால் ஆளி விதைப் பொடியும் வால்நட்டும் ஒமேகா-3 தரும். ஆனால் அவற்றில் இருக்கும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தை உடம்பு ஈபிஏவாக மாற்றுவது மிகக் குறைவு, டிஹெச்ஏவாக மாற்றுவது அதைவிடக் குறைவு. அதனால் ஆளி விதையை மீனுக்குச் சமமாக எண்ண வேண்டாம், பருப்பும் பயறும் பனீரும் தயிரும் கூடுதலாகச் சேருங்கள்.

எந்த எண்ணெய் என்றும் கேட்டிருந்தீர்கள். குறைபாடு வராமல் இருக்க ஒரு நாள் கலோரியில் 1 முதல் 2 சதவீதம் லினோலிக் அமிலமாக வந்தால் போதும். அம்மாவின் 1,650 கலோரிக்கு அது சுமார் 2 முதல் 4 கிராம். நல்லெண்ணெயில் ஏறத்தாழ 40 சதவீதம் லினோலிக் அமிலம் என்பதால் இரண்டு டீஸ்பூனிலேயே மூன்றரை கிராமுக்கு மேல் வந்துவிடும். சூரியகாந்தி எண்ணெயில் இன்னும் அதிகம், கடலை எண்ணெயிலும் தவிட்டு எண்ணெயிலும் சுமார் 30 சதவீதம். தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் 2 சதவீத அளவுதான். பாமாயில் இரண்டுக்கும் நடுவில், சுமார் 10. அதற்காகத் தேங்காய் எண்ணெயும் நெய்யும் கூடாது என்று இல்லை. அவை மட்டுமே ஒரு வீட்டின் கொழுப்பாக இருக்கக் கூடாது. சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் விட்டால் அம்மா கூட இரண்டு கவளம் சாப்பிடுவார் என்றால் தயங்காமல் விடுங்கள். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் இன்றைக்கே திரும்பட்டும்.

அதிகமானால்? எலிகளுக்கு நெடுநாள் கொழுப்பு மிகுந்த, குறிப்பாகப் பன்றிக் கொழுப்பு போன்ற நிறைகொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பருக்கவைத்தால் புண் தாமதமாகத்தான் ஆறுகிறது. அந்த எலிகளுக்குச் சர்க்கரையும் ஏறுகிறது, மேக்ரோஃபேஜ்கள் அழற்சி நிலையிலேயே நின்றுவிடுகின்றன. அது சில வார உணவில் வருகிற விளைவு இல்லை, உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்து வருகிற விளைவு. நீங்கள் தவிர்க்க வேண்டியவை வனஸ்பதியும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த கடைப் பலகாரமும்தான். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. டீக்கடை வாணலியில் நாலாவது நாளாகக் கொதிக்கும் எண்ணெயை யார் சோதிக்கிறார்கள் என்பது வேறு கதை.

புண்ணின் மேல் தடவுவது பற்றி ஒரு வார்த்தை. பாதம் காய்ந்து வெடித்திருந்தால் சுற்றியுள்ள நல்ல தோலில் தேங்காய் எண்ணெயோ வேறு ஈரப்பூச்சோ மெல்லியதாகத் தடவலாம். விரல் இடுக்கில் தடவ வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். புண்ணுக்குள் எண்ணெய், மஞ்சள், நெய் எதுவும் வேண்டாம், கட்டுப் போடும் செவிலியர் சொன்னதை மட்டும் போடுங்கள். தழும்பு மறைய வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுகிற பழக்கமும் வேண்டாம். 1999-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் அது தழும்பை மேம்படுத்தவில்லை, மூன்றில் ஒருவருக்குத் தோலில் ஒவ்வாமைதான் வந்தது.

மேலே சொன்னது எல்லாருக்கும் பொருந்தாது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமாக இருப்பவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பைக் கல் தொல்லை உள்ளவர்கள், அறுவைக்குப் பின் நிணநீர் கசிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவரே கொழுப்பைக் குறைக்கச் சொல்வார், அதற்குக் காரணம் உண்டு. உங்கள் அம்மாவுக்குச் சிறுநீரகம் பாதித்திருந்தால் நான் சொன்ன புரத அளவையும் அவருடைய மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு தெரியாமல் இங்கிருந்து சொல்ல முடியாது. மீன் எண்ணெய் சாப்பிட்டால் அறுவையின்போது ரத்தம் நிற்காது என்ற பயமும் உண்டு. கிரீன்லாந்து இனுயிட் மக்களுக்கு ரத்தம் உறைய அதிக நேரம் ஆகிறது என்ற 1979-ஆம் ஆண்டு அவதானிப்பில் இருந்து வந்த பயம் அது. இதய அறுவை செய்துகொண்ட 1,516 பேரிடம் செய்த ஆய்வை 2018-இல் அலசியபோது மீன் எண்ணெயால் ரத்தப்போக்கு கூடவில்லை. இருந்தாலும் அம்மா ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், தம்பி அனுப்பிய டப்பாவை மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக, வாரம் ஒருமுறை கட்டு மாற்றும்போது புண்ணின் நீள அகலத்தை அளந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படமும் எடுத்து வையுங்கள். சர்க்கரை நோயாளியின் பாதப் புண் நான்கு வாரத்தில் பரப்பளவில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்க வேண்டும். சாப்பாட்டைச் சரிசெய்த பிறகும் அப்படிச் சுருங்கவில்லை என்றால் எண்ணெயை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, எலும்புவரை கிருமி போயிருக்கிறதா, நடக்கும்போது அந்த இடத்தில் அழுத்தம் விழுகிறதா என்ற மூன்றையும் பார்க்கச் சொல்லிப் பாத மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதற்கு முன்பே காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் நிறம் மாறினாலோ நான்கு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.